செயினுக்கு விட்ட எண்ணெய்

இந்தப் பையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கறனுங்க. உங்க வேட்டியில பட்டுறப் போகுது. பட்டா கறை போகாது. மஞ்சப்பைதான், ஆனா உள்ள இருக்கறது பூராம் கருப்பு. செயினுங்க. மோட்டார் வண்டிச் செயின், அறுந்து போனது.

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்குக் காத்து ஆகாதுன்னு இல்லீங்க. இந்தப் பக்கம் உக்காந்தாத்தான் ஏர்றவன், எறங்கறவன் எல்லாம் கண்ணுல படுவான். காலம் அப்படிக் கெடக்குது.

நான் பஸ் ஏறியே பல வருசம் ஆச்சுங்க. சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, பூக்கார மாரப்பனும் வண்டியும் ஒட்டிப் பொறந்தவியன்னு. நம்மளுது மல்லிக்காடுங்க. வெளிச்சம் வர்றதுக்கு முன்னால பறிச்சு, பக்கத்துக் காட்டுப் பூவையும் வாங்கிச் சேத்து மூட்டை கட்டி, வேலிக்கு நடுவால போற இட்டேரி மண்ணுல ஓட்டி, மெயின் ரோடு ஏறி, ஏலத்துக்குக் கொண்டு போய்ப் போடோணும். நேரத்துக்குப் போனா அது பூவு. நேரம் தப்புச்சுன்னா மொட்டு விரிஞ்சுரும், அப்பறம் சென்ட் கம்பெனிக்காரன் கூடையில கம்மி வெலைக்குக் கொட்டீட்டு வர வேண்டியதுதான். அதனால எனக்குச் செயின்னா உசுருங்க. வண்டியில மத்ததெல்லாம் கெட்டாக்கூட உருட்டிக்கிட்டாவது போயிரலாம்.

அந்தச் செயினுக்கு என்ன எண்ணெய் விடறதுன்னு நீங்க யாரையாச்சும் கேட்டிருக்கீங்களா? கேட்டுப் பாருங்க. அப்பத்தான் உலகம் புரியும்.

மெக்கானிக் ஸ்டீபன்னு ஒருத்தன். அவன் சொன்னான், தொண்ணூறு நம்பர் கியர் ஆயில் விடுங்க, மண்ணெண்ணெயில கழுவீட்டுச் சொட்டுச் சொட்டா விட்டு, அப்பறம் துணியில தொடைச்சிருங்கன்னு. விட்ட எண்ணெயைத் தொடைக்கச் சொல்றானுங்க. தொடைக்கறதுக்கு எதுக்குடா விடறதுன்னு கேட்டேன். சிரிச்சான். சிரிச்சா என்ன அர்த்தம்? செயின் காஞ்சு தேயட்டும், பல்சக்கரத்தோட சேத்துப் புதுசு மாட்டி விடலாம்னு அர்த்தம்.

ஸ்பேர்ஸ் கடைத் தாமு இருக்கறான். அவன் டப்பாவுல அடிக்கற ஸ்ப்ரே வாங்குங்கறான். அவன் கடையில அது அடுக்கி வெச்சிருக்கற அழகைப் பாத்தாவே தெரியும், கம்பெனிக்காரன் அவனுக்கு என்னமோ குடுக்கறான்னு. மார்க்கெட்டுல கூட வர்ற ஒருத்தன் கிரீஸை அப்புங்கறான். இட்டேரிப் புழுதியில கிரீஸை அப்புனா செயினு மண்சுவரு மாதிரி ஆயிரும். அது அவனுக்குத் தெரியாதா? தெரியும். என்ற வண்டி நின்னா ஏலத்துல அவன் பூ முன்னால போகுமில்லீங்களா?

அதனால நான் ஒருத்தன் பேச்சும் கேக்கறதில்லீங்க. எஞ்சின்ல இருந்து வடிச்ச பழைய ஆயில், அதைப் பிடிச்சு வெச்சு ஊத்துவேன். கருகருன்னு இருக்கும், சட்டையில தெறிக்கும், பின்னால உக்காந்தா எங்கூட்டுக்காரி சேலை பாழாப் போகும். ஆனா அது நம்ம வண்டி எஞ்சின்லயே இருந்தது. நம்மளுக்குத் துரோகம் பண்ணாது. கொஞ்சம் கரகரன்னு சத்தம் வரும், வரட்டும். சத்தம் வந்தா செயின் இருக்குதுன்னு தெரியுமில்லீங்களா.

இப்படி இருக்கையிலதான் என்ற பையன் சசிதரன் கண்ணாலம் பண்ணிக்கிட்டான். அவனாப் பாத்துப் பிடிச்ச புள்ளைங்க. கோபிக்காரி. பேரு இந்துமதி. அவங்கப்பன் கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பைக் பட்டறை வெச்சிருக்கறாரு. பட்டறைக்காரரு புள்ளைக்குப் பூக்காட்டுல என்ன சோலி? கேளுங்க, நீங்களே சொல்லுங்க. எங்கூட்டுக்காரி செல்லாத்தா சொன்னா, புள்ளைக்குப் பையனைப் புடிச்சிருக்குது, அதுதான் சோலின்னு. அவ வெள்ளந்திங்க. வெளுத்ததெல்லாம் பால்னு குடிச்சுப் போடுவா.

நான் வாயத் தொறக்கலீங்க. கண்ணை மட்டும் தொறந்து வெச்சிருந்தேன்.

புள்ளை ஒழுங்காத்தான் இருந்துச்சு. வெள்ளெனா எந்திரிச்சு வாசல் தெளிச்சுக் கோலம் போடும். மாமா மாமான்னு மரியாதை. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. வந்த புதுசுல ஒரு நா, நான் வண்டிக்கு ஆயில் ஊத்தறப்ப பக்கத்துல வந்து நின்னுச்சு. "மாமா, வேஸ்ட் ஆயில் ஊத்தாதீங்க. அதுல இரும்புத் தூளு கெடக்கும், செயினை அரிச்சுப் போடும். தொண்ணூறு நம்பர் விட்டுத் தொடைச்சாப் போதுங்க." அப்பிடிங்குது. அன்னிக்கே எனக்கு மூக்கு வேர்த்துருச்சுங்க. ஸ்டீபன் சொன்ன அதே வார்த்தை. சத்தியில இருக்கற மெக்கானிக்கும் கோபியில இருக்கற பட்டறைக்காரர் புள்ளையும் ஒரே வார்த்தை பேசறாங்கன்னா நடுவுல ஒரு கயிறு ஓடுதுன்னுதானே அர்த்தம்?

"வண்டி ஓட்டறது நானு. நீ கோலத்தைப் பாரு அம்மணி"ன்னு சொல்லிப் போட்டேன். அதுக்கப்பறம் அந்தப் புள்ளை அந்தப் பேச்சே எடுக்கலீங்க. எடுத்திருந்தாக்கூட எனக்குச் சந்தேகம் வந்திருக்காது. எடுக்காததுதான் சந்தேகம்.

கொஞ்ச நாள்ல வண்டி மாறிப் போச்சுங்க. சத்தமே இல்லை. நம்ப மாட்டீங்க, இட்டேரியில போறப்ப பூ மூட்டை உரசற சத்தம் கேக்குது, செயின் சத்தம் கேக்கலை. வெண்ணெயில கத்தி போற மாதிரிப் போகுது. மேடு ஏறுது, எறங்குது, சிணுங்கறதே இல்லை. செல்லாத்தா சேலையில ஒரு பொட்டுக் கறை இல்லை. பல வருசமா ஓட்டற வண்டிங்க. அதும்பட சத்தம் எனக்குத் தெரியும். காரணமில்லாம ஒரு வண்டி நல்லா ஓடுச்சுன்னா, நல்லதுன்னு நெனைக்கறவன் மசையன். எதுக்கு நல்லா ஓடுதுன்னு கேக்கறவன்தான் மனுசன்.

ஆடி பொறந்துச்சு. சீர் வெச்சுப் புள்ளையை அவங்கப்பன் ஊட்டுக்கு அழைச்சுக்கிட்டுப் போனாங்க, புதுசாக் கண்ணாலம் ஆனவியளுக்கு வழக்கம்தானுங்களே. அவ போயி ஒரு வாரம் கூட ஆகலை. செயினு கரகரன்னு ஆரம்பிச்சுருச்சு. நான் பழைய ஆயிலைத் தாராளமா ஊத்துனேன். இன்னும் கரகரங்குது. ஆவணியில திரும்பி வந்தா. வந்த ரெண்டாம் நாளே சத்தம் நின்னுருச்சு.

இதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க? அவ இருந்தா வண்டி வாயை மூடிக்குது. அவ போனா வண்டி அழுகுது. செல்லாத்தாகிட்டச் சொன்னேன். "மகராசி கால் வெச்ச நேரம்"ங்கறா. நான் சொன்னேன், காலு இல்லை, கையி. கையி என்ன பண்ணுதுன்னு பாக்கோணும்.

அதுக்கு ஒரு வேலை பண்ணுனேன். நான் பூ மூட்டைக்கு ஒரு முடிச்சுப் போடுவனுங்க. வாழைநாருல ரெண்டு சுத்துச் சுத்தி, ஒரு வாலை உள்ள விட்டு, இன்னொரு வாலை அதுக்கு மேல மடிச்சு இழுக்கறது. மார்க்கெட்டுல எவனும் என்ற மூட்டையைப் பிரிச்சு ரெண்டு கையி அள்ளிறக் கூடாதுன்னு நானே ரோசனை பண்ணிக் கண்டுபிடிச்சது. அவுத்தா மறுபடி அதே மாதிரி எவனாலயும் போட முடியாது. அந்த முடிச்சைப் போட்டு, செயினையும் ஸ்டாண்டுக் கம்பியையும் சேத்து ராத்திரி கட்டி வெச்சேன். சக்கரத்தைச் சுத்தாம செயின் பூராவும் எண்ணெய் விட முடியாது. சுத்துனா நாரு அவுந்தாகோணும். எப்பிடி நம்ம வேலை?

வெள்ளெனா பூப்பறிக்கப் போயிட்டு வந்து பாத்தனுங்க. முடிச்சு வெச்சது வெச்ச மாதிரியே இருக்குது. ஆனா செயினு மினுமினுன்னு இருக்குது. விரலை வெச்சா வழவழங்குது. மறுநாளும் அப்படித்தான். முடிச்சு அவுக்காம எண்ணெய் எப்படி வரும்? மனுசக் கையி படாம வர்றதுக்குப் பேரு என்ன?

அன்னிக்குத்தான் கோலமாவு டப்பாவைப் பாத்தேன். வெள்ளை டப்பாவுல ஒரு கட்டைவிரல் ரேகை. கருப்பா. மை மாதிரி.

மை வெக்கறதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஆளை மயக்கறதுக்கு, சொத்தை எழுதி வாங்கறதுக்கு. எங்க காடு மெயின் ரோட்டுக்குக் கிட்டத்துல இருக்குதுங்க, வெலை ஏறிக் கெடக்குது. அதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த நா பறிக்கப் போற மாதிரிக் கூடையை எடுத்துக்கிட்டு வெளிய போயி, வைக்கப்போருக்குப் பின்னால வந்து உக்காந்துக்கிட்டேன். புள்ளை வந்துச்சு. வாசல் தெளிச்சுச்சு. கோலம் போட்டுச்சு. அக்கம்பக்கம் ஒரு பார்வை பாத்துச்சு. அப்பறம் துணி துவைக்கற கல்லுக்கு அடியில கைய விட்டு ஒரு சின்னப் பாட்டிலு, பழைய பல்லு வெளக்கற பிரஷு, ஒரு துணி, மூணையும் எடுத்துச்சு. இருமல் மருந்துப் பாட்டிலுங்க அது. மேல ஒட்டுன காகிதத்தைக் கிழிச்சிருக்குது பாருங்க, அதுல இருக்குது சூது. வண்டிகிட்டக் குந்தி, என்ற முடிச்சை நிதானமா அவுத்துச்சு. அவுத்து நாரைத் தோள்மேல போட்டுக்கிச்சு. பிரஷ்ஷுல செயினைத் தேய்ச்சுச்சு. சக்கரத்தை மெல்லச் சுத்திச் சுத்திச் சொட்டுச் சொட்டா விட்டுச்சு. வாயில என்னமோ முணுமுணுன்னு ஒரு மந்திரம். செல்லாத்தா அப்பறம் சொன்னா, அது ஏதோ பாட்டாமா. அப்பறம் துணியில தொடைச்சுச்சு. தொடைச்சுப் போட்டு, நாரை எடுத்து, அதே முடிச்சை, ரெண்டு சுத்து, ஒரு வாலு உள்ள, ஒரு வாலு மேல, இழுத்துக் கட்டுச்சுங்க. என்ற முடிச்சு. எனக்கு மட்டும் தெரிஞ்ச முடிச்சு.

நான் எந்திரிச்சு முன்னால போயி நின்னேன். கையும் களவுமாப் பிடிச்சாச்சு.

புள்ளைக்கு முகம் வெளுத்துப் போச்சு. "என்ன எண்ணெய் அது? எவன் குடுத்தான்?"னு கேட்டேன். "அப்பா பட்டறையில இருந்து கொண்டாந்தனுங்க மாமா. செயினுக்குத்தானுங்க. வெளிச்சமில்லாத நேரத்துல லாரி போற ரோடு ஏர்றீங்க, வழியில அறுந்து கிறுந்து போச்சுன்னா... சொன்னாத் திட்டுவீங்கன்னு சொல்லலீங்க." பாருங்க, எப்பிடித் தடுமாறாமச் சொல்லுதுன்னு. நெசம் பேசறவளுக்குப் பதிலு இத்தனை சுருக்கா வருமா? நெசத்துக்கு ரோசனை பண்ண நேரம் வேணுமில்லீங்களா?

முடிச்சு எங்க கத்துக்கிட்டேன்னு கேட்டேன். "நீங்க தெனமும் மூட்டை கட்டறப்பப் பாப்பனுங்க மாமா. வண்டிக்கு ஏதோ வேண்டுதலுக்குக் கட்டியிருக்கீங்கன்னு நெனச்சேன். அவுத்தது அவுத்தபடி விடக்கூடாதுன்னு திருப்பிக் கட்டி வெச்சனுங்க." வேண்டுதலாமா. எனக்கே பாடம் சொல்றா.

நான் சத்தம் போட்டேன். போட்டிருக்கக் கூடாதுன்னு செல்லாத்தா சொல்றா. மை வெக்கறவள்னு சொன்னேன், காட்டு மேல கண்ணு வெச்சு வந்தவள்னு சொன்னேன். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரங்க எல்லாம் பூக்கூடையோட வந்து நின்னுட்டாங்க. அவிய எதுக்கு அத்தனை சீக்கிரம் வந்தாங்கங்கறது வேற விசயம்.

பையன் தூங்கி எந்திரிச்சு வந்தான். எல்லாத்தையும் கேட்டான். என்னையப் பாத்து, "அப்பா, சந்தேகப்படறதுக்கு ஆள் கெடைக்கலீன்னா நீங்க உங்க நெழலையே சந்தேகப்படுவீங்க. இவ இங்க இருக்க வேண்டாம்"னு சொன்னான். அவ்வளவுதான் பேசுனான். மத்தியானம் ரெண்டு பேரையும் கோபிக்கு ஏத்திக்கிட்டுப் போக ஆட்டோ வந்துச்சு. செல்லாத்தா ஆட்டோ முன்னால நின்னு அழுகறா. நானும் ஆட்டோ பக்கம் ரெண்டடி போனனுங்க, இல்லைங்கலை. ஒரே பையன். ஆனா ஆட்டோ இத்தனை சுருக்கா எப்பிடி வந்துச்சு? முன்னாலயே சொல்லி வெச்சிருப்பாங்க.

போறப்ப அந்தப் புள்ளை என்ற முன்னால வந்து நின்னுச்சு. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. என்ன சொல்லிச்சுன்னு கேளுங்க. "மாமா, செயின் லூசா இருக்குதுங்க. ஸ்டீபன் அண்ணன்கிட்டச் சொல்லி இழுத்து வெச்சுக்குங்க. தண்ணி மட்டும் படாமப் பாத்துக்குங்க"ன்னுச்சு.

நீங்க இதைக் கேட்டா என்ன நெனைப்பீங்க? ஊட்டை விட்டுப் போறவ, வர்றேங்க மாமான்னு சொல்லலாம், நல்லா இருங்கன்னு சொல்லலாம், சாபம் கூட விடலாம். செயினைப் பத்திச் சொல்றா. அந்தக் கருநாக்கை ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னால வருது.

அதுக்கப்பறம் கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு பூசாரியைப் பாத்தேன். பாட்டிலைப் பத்திச் சொன்னதுமே கண்ணை மூடிக்கிட்டாரு. எண்ணெயைக் கண்ணாலயே பாக்கலை, மையிதான்னுட்டாரு. அதாங்க வித்தை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உப்புக் கரைச்ச மஞ்சத்தண்ணியில செயினைக் கழுவோணும், அவரு மந்திரிச்ச திருநூத்தை வெளக்கெண்ணெயில கொழைச்சுச் செயின்ல பூசோணும்னாரு. நான் யாரு பேச்சும் கேக்காதவன்தான். ஆனா அவருக்கு இதுல லாபம் என்ன இருக்குது? தட்சணைகூட நானாத்தானே வெச்சேன்.

ஒரு வாரங்கூடத் தவறாமச் செஞ்சனுங்க. மூணாவது வெள்ளிக்கிழமையே தெரிஞ்சுருச்சு. செயின் உள்ள இருந்து செக்கச்செவேல்னு ஒரு சாறு வடியுது. துணியில தொடைச்சா செங்காமட்டை நெறம், சுட்ட செங்கல்லாட்டம். பூசாரிகிட்டப் போன்ல சொன்னேன். உள்ள எறங்குன மை வெளிய வருது, விடாமச் செய்யுங்கன்னாரு. விடாமச் செஞ்சேன். செயின் கத்துச்சு பாருங்க, கரகரன்னு இல்லை, கீச்சுகீச்சுன்னு, நாய்க்குட்டியைக் கால்ல மிதிச்ச மாதிரி. பேயை ஓட்டறப்ப அது கத்தத்தானே செய்யும்?

என்னங்க, சிரிக்கறீங்களா? இல்லையா. சரிங்க, இருமலா இருக்கும்.

போன வாரம். பூவு மூணு மூட்டை. இட்டேரி தாண்டி மெயின் ரோடு ஏர்ற மேடு. அவ சொன்னாளே, லாரி போற ரோடுன்னு, அதே எடம். படார்னு ஒரு சத்தம். சக்கரம் அப்படியே கவ்விப் பிடிச்சுக்கிச்சு. நான் ஒருபக்கம், மூட்டை ஒருபக்கம். பின்னால வந்த லாரிக்காரன் பிரேக் அடிச்ச சத்தத்துல காது அடைச்சுப் போச்சுங்க. கண்ணைத் தொறந்தா டயரு என்ற தலைமாட்டுல நிக்குது. நாரு பிரியாத மூட்டை ரெண்டு அதுக்கடியில. ரோடெல்லாம் மல்லி. நான் செத்துட்டேன், இது எனக்குத் தூவுன பூவுன்னு ஒரு நிமிசம் நெசமாலுமே நெனச்சுப் போட்டேன்.

லாரிக்காரன் எறங்கி வந்து என்னையத் தூக்கி உக்கார வெச்சான். செயினைக் கையில எடுத்துப் பாத்தான். "ஏனுங்க பெரியவரே, இது செயினா? கடல்ல முக்கி எடுத்ததாட்டம் துருப் பிடிச்சுக் கெடக்குது. எண்ணெயே காட்ட மாட்டீங்களா?"ன்னான். எண்ணெய் காட்டுனதாலதான்டா இத்தனையும்னு சொல்ல வாய் வந்துச்சு. செயினை அவன் கையில இருந்து வாங்கி மடியில வெச்சுக்கிட்டேனுங்க.

இப்பப் புரியுதுங்களா? செயின் லூசா இருக்குதுன்னா. தண்ணி படாமப் பாருங்கன்னா. அறுந்துருச்சு. சொன்ன மாதிரியே, சொன்ன எடத்துலயே. செல்லாத்தா சொல்றா, "தண்ணி படாமப் பாத்துக்குங்கன்னு சொன்ன புள்ளை பேச்சைக் கேக்காம, உப்புத்தண்ணியில முக்குனது யாரு?"ன்னு. அவ பேச்சு அப்படித்தான் இருக்கும். மருமவளுக்கு ஏழாம் மாசமுங்க. செல்லாத்தா வாரத்துக்கு ஒருக்கா கோபிக்குப் போயி அவியளைப் பாத்துட்டு வர்றா. என்னைய வான்னு கூப்பிடறதில்லை. அடிபட்ட அன்னிக்கு எனக்கு ஒத்தடம் குடுத்தா, மூஞ்சி குடுத்துப் பேசலை. ராத்திரி சோத்தை வெச்சுட்டு அக்கட்டால போயிருவா. ஊடு கம்முன்னு இருக்குதுங்க. வண்டிச் சத்தமும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. ஊட்டுல சத்தமே இல்லாட்டி நல்லதில்லைங்க. அதைச் சந்தேகத்துக்காகச் சொல்லலை, பொதுவாச் சொல்றேன்.

அதனாலதான் கவுந்தப்பாடிக்குப் பூசாரிகிட்டயே போறேன். செயினு, அன்னிக்கு அந்தப் புள்ளைகிட்டப் பிடுங்கி வெச்ச பாட்டிலு, பிரஷு, துணி, எல்லாம் பையில இருக்குது. நேர்ல பாத்து ஒரு முடிவு சொல்லட்டும். அன்னிக்குப் பாக்காமச் சொன்னாரு. பாத்துச் சொல்றதுல தப்பில்லையே.

இதாங்க பாட்டிலு. பாருங்க. தொறந்து வேணாலும் மோந்து பாருங்க, மூஞ்சிகிட்டக் கொண்டு போகாம. என்ன வாசம் வருது?

கியர் ஆயிலா?

தொண்ணூறு நம்பரா. மோந்ததுமே தெரியுதுங்களா உங்களுக்கு? அத்தனை நிச்சயமாச் சொல்றீங்க. உங்க வண்டிக்கும் இதான் விடறீங்களா. எத்தனை வருசமா? அறுந்ததே இல்லையா?

நீங்க எந்த ஊருன்னு சொன்னீங்க? சொல்லவே இல்லை. நானும் கேக்கலை. கோபியா. கோபின்னு சொன்னீங்களா? அப்ப எறங்கறது கோபியிலதானா.

சரி. சரி. ஊருன்னா ஆயிரம் பேரு இருப்பாங்க. பட்டறைக்காரரைத் தெரியுமாங்க? தெரியாது. தெரிஞ்சா தெரியும்னு சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். முகத்தைப் பாத்தாத் தெரியாதுன்னுதான் தோணுது.

கொடிவேரிப் பிரிவு போயிருச்சுங்களா? இன்னும் கொஞ்ச நேரந்தான்.

நான் எறங்க மாட்டனுங்க கோபியில. எறங்கறதுக்கு எனக்கு அங்க ஒரு சோலியும் இல்லை. மேலயும் அவங்கப்பன் பட்டறை வாசல்ல போயி, அறுந்த செயினும் கையுமா நிக்க முடியுங்களா? அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. புதுச் செயின் ஒண்ணு எடுத்து மாட்டி விடுவாரு. அது அதைவிட மோசமில்லீங்களா.

ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களா? இந்த எலைப் பொட்டணம். வாழையெலையில கட்டியிருக்குது பாருங்க, மல்லி. இன்னிக்குப் பறிச்சது, ஒரு மொட்டு விரியலை. எங்கூட்டுக்காரி குடுத்து விட்டா, எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. வழியில யாரு கையிலயாச்சும் குடுத்து விடுங்கன்னா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால முதல் சந்து, பட்டறை. அதுக்குப் பின்னாலயே ஊடு. அந்தப் புள்ளை கையில குடுத்துருங்க. அவங்கப்பன் கையில வேண்டாம், பையன் கையில வேண்டாம். புள்ளை கையில. ஏழாம் மாசத்துல தலைக்குப் பூ வெச்சா நல்லதுன்னு செல்லாத்தாதான் சொல்றா.

அப்பறம் ஒண்ணு. குடுக்கறப்பச் சும்மா பேச்சுவாக்குல கேளுங்க, அந்த எண்ணெய் எத்தனை நாளைக்கு ஒருக்கா விடோணும், எத்தனை சொட்டுன்னு. உங்க வண்டிக்குக் கேக்கற மாதிரிக் கேளுங்க. மாரப்பன் கேட்டாருன்னு சொல்லீராதீங்க. எனக்கு ஒண்ணும் இல்லை, ஒரு விசயம்னா நாலு பக்கமும் விசாரிக்கோணுமில்லீங்களா. நான் நாளைக்கு இதே பஸ்ஸுல திரும்பி வருவேன். நீங்க வர மாட்டீங்களா? சரி விடுங்க. அப்பக் கேக்க வேண்டாம். இல்லை, கேளுங்க. எங்கூட்டுக்காரி வாராவாரம் போறாளே, புள்ளை அவகிட்டயே சொல்லி விடட்டும்.

கரட்டடிபாளையம் வந்துருச்சு, அடுத்தது கோபிதான். எந்திரிச்சு முன்னால போங்க, கூட்டம் அடைச்சுக்கும். பாட்டிலை இங்க குடுங்க, அது பூசாரிக்கு. எலைப் பொட்டணத்தை அமுக்காமப் பிடிங்க. பிரிச்சுப் பாக்காதீங்க. உங்களைச் சொல்லலை, பொதுவாச் சொல்றேன். மேல வாழைநாருல ஒரு முடிச்சுப் போட்டிருக்குது. ரெண்டு சுத்து, ஒரு வாலு உள்ள, ஒரு வாலு மேல. நீங்க பிரிச்சா மறுபடி கட்டத் தெரியாது.

யாரு குடுத்தாங்கன்னு கேட்டா, பஸ்ஸுல ஒரு அம்மா குடுத்தாங்கன்னு சொல்லிருங்க. அந்தப் புள்ளை நம்பாது. பரவால்லீங்க. அந்த முடிச்சு அதுக்குத் தெரியும்.